பள்ளிக்கூட வாட்சாப் குழுவில் எல்லாம் வருகிறது, பிள்ளையைப் பற்றி மட்டும் வருவதில்லை

பனியன்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். பெரியவள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, சின்னவன் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் தனித்தனி வாட்சாப் குழு. கொரோனா சமயத்தில் பாடம் அனுப்ப ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. காலையில் பூப்படத்தோடு வணக்கம், அதற்குப் பதில் வணக்கங்கள், மன்றப் போட்டிப் படங்கள், உறுதிமொழி எடுக்கும் படங்கள், நடுவில் யாரோ ஒரு அப்பா அனுப்பும் நிலம் விற்பனைக்கு. நான் காலை எட்டரைக்கு கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர ராத்திரி ஆகிவிடும். உள்ளே போன் எடுக்கக் கூடாது. வெளியே வந்து திறந்தால் விரல் வலிக்கும் அளவுக்குத் தள்ள வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத விருப்பம் உள்ளவர்கள் ஐம்பது ரூபாய் கொண்டு வரவும் என்று ஒரே ஒரு வரி வந்து போயிருக்கிறது. அது என்ன தேர்வு, எதற்கு எழுத வேண்டும், எதுவும் இல்லை. மகளும் சொல்லவில்லை. விண்ணப்பம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுப் பையன் பயிற்சிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

ஐந்தாவது வரை ஒரே டீச்சர். கடைத்தெருவில் பார்த்தால்கூட "உங்க பொண்ணு இப்ப வாய்ப்பாடு நல்லாச் சொல்றா" என்று இரண்டு வார்த்தை சொல்வார். ஆறாவதிலிருந்து பாடத்துக்கு ஒருவர். பிள்ளையும் வீட்டில் பேசுவதைக் குறைத்துவிட்டாள். யாரிடம் போய் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிகளில் வீட்டுக்குத் தகவல் எப்படி வருகிறது? உருப்படியாக நடக்கிற வழி எதாவது உண்டா?

ஈரோட்டுக்காரி

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என்.எம்.எம்.எஸ். என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கான தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. மனத்திறன் ஒரு தாள், பாடம் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. விண்ணப்பம் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வரும், பள்ளி வழியாகத்தான் போட முடியும். அதாவது பள்ளி சொல்லாவிட்டால் நாமாகப் போய்ப் போட வழியில்லை. இப்படிப்பட்ட விஷயத்தைப் பூப்படத்துக்கும் நிலம் விற்பனைக்கும் நடுவில் ஒற்றை வரியாகப் போடுவது சரியில்லை.

கிராமப்புறப் பள்ளியாக இருந்தால் அடுத்த ஆண்டு ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது அண்ணா, அதுவும் உதவித்தொகைக்குத்தான். அதையாவது இப்போதே குறித்து வையுங்கள்.

கணக்கு வாத்தியார்

பனியன்காரன் சார், நான் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். உங்கள் கேள்வி நியாயம். ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

அந்தக் குழுவில் வரும் படங்களில் பாதி உங்களுக்காகப் போடுவதே இல்லை. நிகழ்ச்சி நடந்தது என்று மேலே காட்ட வேண்டும், எடுத்த படம் கையில் இருக்கிறது, அப்படியே வகுப்புக் குழுவிலும் தட்டிவிடுகிறோம். காலையில் செயலியில் வருகைப் பதிவு, அப்புறம் எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் ஏற்ற வேண்டியவை, வளரறி மதிப்பீடு என்று பருவத்தின் நடுவில் வைக்கும் சிறு தேர்வுகளின் மதிப்பெண்கள். பெற்றோர் கைபேசி எண்ணை ஓ.டி.பி. வாங்கிச் சரிபார்க்கச் சொன்னபோது பட்ட பாடு தனிக்கதை. "யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாதுன்னு டிவியில சொல்றாங்களே சார்" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

சட்டத்தைப் பார்த்தால், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. குறித்த நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது எல்லாம் அதில் உண்டு. கூடவே, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எந்த அளவுக்குக் கற்க முடிகிறது, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களில் பலர் இந்த ஒரு வரியைப் படித்ததே இல்லை. குழுவில் படம் போட்டால் பெற்றோருக்குத் தெரிவித்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போட முடியும் என்று மாற்றிவிட்டேன். முதல் வாரம் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டது. ஞாயிறு மாலை என் குரலிலேயே ஒரு பதிவு, இரண்டு நிமிடத்துக்குள். இந்த வாரம் கணக்கில் பின்னம் நடக்கிறது, புதன்கிழமை தேர்வு, வெள்ளி விடுமுறை, இவ்வளவுதான். எழுத்தாகப் போட்டதைவிடக் குரலை அதிகம் பேர் கேட்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், படிக்க நேரமில்லாதவர்களும் இருக்கிறார்கள், சமைத்துக்கொண்டே கேட்கிறார்கள். உதவித்தொகை, சான்றிதழ், கடைசித் தேதி உள்ள எதையும் குழுவில் மட்டும் விடுவதில்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்வேன். வேண்டாம் என்றாலும் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்து வேண்டும். சீட்டு திரும்பி வராத வீட்டுக்கு மட்டும் போன்.

இன்னொன்று. பள்ளியிலிருந்து போன் வந்தாலே ஏதோ வம்பு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அது நாங்கள் உண்டாக்கிய பயம். ஆறாம் வகுப்பு சேர்ந்த ஜூன், ஜூலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை நல்ல செய்திக்காகப் பேசிவிடுவேன். "உங்க பையன் இன்னிக்கு கரும்பலகையில வந்து கணக்குப் போட்டான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பிறகு ஆகஸ்டில் 'மூன்று நாளாக வரவில்லை' என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவதில்லை.

மூன்றாம் பெஞ்ச்

வாத்தியார் சொல்வது நன்றாக இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பாரா? ஆசிரியர் மாறுதலாகிப் போனால் எல்லாம் போச்சு.

அயனாவரம் அம்மா

தகவல் வரவில்லை என்று பேசுகிறீர்கள். வரக்கூடாத தகவல் வந்ததால் பட்டதைச் சொல்கிறேன். என் மகன் ஏழாவது படிக்கும்போது பருவத் தேர்வு மதிப்பெண்களை மொத்த வகுப்புக்கும் பட்டியலாகக் குழுவில் போட்டார்கள். சிவப்பு வட்டம் போட்ட ஆறு பெயரில் இவனும் ஒருவன். மாமியார் போனில் அந்தக் குழு இருக்கிறது, அங்கிருந்து நாத்தனார் வீட்டுக்குப் போய், அடுத்த நாள் அவன் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. அந்த வயதில் தோல்வியைவிட அது நாலு பேருக்குத் தெரிவதுதான் வலி.

பிள்ளையைப் பற்றியது எதுவானாலும் அந்த வீட்டுக்குத் தனியாகத்தான் வர வேண்டும். மதிப்பெண், வருகை, கட்டணப் பாக்கி, யாரோடு சண்டை, எல்லாமே. படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் வகுப்புக் குழுவில் முந்நூறு படம் இருக்கும். ஒரு முறைகூட யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

ஆறு, ஏழு, எட்டில் பெண் பிள்ளை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பெரியவளான பிறகு மாதத்தில் சில நாள் வராமல் போவாள். "ஏன் அடிக்கடி லீவு" என்று குழுவில் கேட்ட ஆசிரியர் உண்டு. அதை ஒரு டீச்சர் அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டிருந்தால், பள்ளியில் கழிப்பறை பூட்டியே கிடப்பதுதான் காரணம் என்று தெரிந்திருக்கும்.

கணக்கு வாத்தியார்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தனியாகச் சொல்வதற்குத் தனி எண் வேண்டும். எங்கள் பள்ளி டீச்சர்கள் பலர் சொந்த எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ராத்திரி பதினொன்றுக்கு அழைப்பு, சில அப்பாக்கள் குடித்துவிட்டுப் பேசுவது, இதெல்லாம் நடக்கிறது. பள்ளிக்கென்று ஒரு சிம், ஒரு சாதாரண போன் இருந்து, மாலை ஐந்து வரை யாராவது எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ரீசார்ஜ் யார் போடுவது என்பதில்தான் எங்கள் பள்ளியில் பேச்சு நிற்கிறது.

ஆராய்ச்சி மாணவன்

இது பற்றி வெளிநாடுகளில் நல்ல சோதனைகள் நடந்திருக்கின்றன. சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில், வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், பிள்ளையின் வருகை, மதிப்பெண், நடத்தை மூன்றையும் பெற்றோருக்கு அடிக்கடி எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண்ணும் வருகையும் கூடின. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் நடுநிலை, உயர்நிலை மாணவர்களின் பெற்றோருக்கு, எந்த வீட்டுப்பாடம் பாக்கி, எந்த வகுப்புக்கு வரவில்லை என்று தானாகப் போகும் செய்தி அனுப்பியபோது பாடத்தில் தவறுவோர் எண்ணிக்கை குறைந்தது.

சுவையானது பிரேசில் சோதனை. சாவ் பாவ்லோவில் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரில் ஒரு பகுதியினருக்குப் பிள்ளையின் வருகை விவரத்தை அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்கு விவரமே இல்லாமல், பிள்ளை பள்ளிக்குப் போவது முக்கியம், கவனியுங்கள் என்று மட்டும் அனுப்பினார்கள். இரண்டாவதற்கும் கிட்டத்தட்ட அதே பலன். தகவலைவிட, பெற்றோரின் கவனத்தைத் திருப்புவதுதான் வேலை செய்கிறது என்று அதை வாசிக்கலாம்.

பாட்டி வளர்த்தவன்

தம்பி, சிலி இருக்கட்டும். எங்கள் ஊரில் அப்பா அம்மா இருவரும் கேரளாவில் கட்டட வேலை, பிள்ளைகள் பாட்டியிடம் என்று பாதித் தெரு இருக்கிறது. பாட்டியிடம் பட்டன் போன். வாட்சாப் கிடையாது. எஸ்.எம்.எஸ். வந்தால் படித்துச் சொல்வது யார்? அதே பிள்ளைதான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். தலைமையாசிரியர் கடிதத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டும்போது "நாளைக்குப் பெற்றோர் வரணும்" என்ற வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். பன்னிரண்டு வயதுப் பையனைத் தபால்காரனாக வைத்தால் அவனுக்குப் பிடித்த தபால்தான் வந்து சேரும்.

எங்கள் ஊரில் இப்போது நடப்பது என்னவென்றால், ரேஷன் கடைச் சுவரில் ஒரு பலகை. பள்ளியிலிருந்து மாதம் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். தேர்வுத் தேதி, கூட்டம், உதவித்தொகை. பாட்டிமார்கள் வரிசையில் நிற்கும்போது யாராவது சத்தமாகப் படிக்கிறார்கள். காசே செலவில்லை. பிள்ளையைப் பற்றிய தனி விஷயம் இதில் வராது, உண்மைதான். ஆனால் கடைசித் தேதி தவறுவதில்லை.

மூன்றாம் பெஞ்ச்

அந்த "நாளைக்குப் பெற்றோர் வரணும்" வரியை விடாமல் படித்த பிள்ளை தமிழ்நாட்டில் யாராவது உண்டா 😄

எஸ்.எம்.சி. அம்மா (திருப்பூர்)

நானும் திருப்பூர்தான் அண்ணா. பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். பலருக்கு இந்தக் குழு என்றால் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவது. 2024இல் மறுகட்டமைப்பு செய்தபோது 24 பேர், முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதி பெண்கள். தலைமையாசிரியரிடம் ஒரு அப்பா தனியாகப் போய்க் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார். குழுவில் தீர்மானமாக எழுதினால் செய்தே ஆக வேண்டும் என்று இல்லாவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் அது என்னவாயிற்று என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

எங்கள் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. பனியன் கம்பெனி ஊரில் வெள்ளி மூன்று மணிக்கு யார் வருவார்கள்? சனிக்கிழமை சம்பளம், வெள்ளி லீவு போட்டால் அதில் பிடிப்பார்கள். குழுக் கூட்டத்தின் நாளை எங்களால் மாற்ற முடியவில்லை. ஆனால் வகுப்புவாரிப் பெற்றோர் சந்திப்பைப் பருவத்துக்கு ஒரு முறை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைப்பது என்று தீர்மானம் போட்டோம். ஆசிரியர்களுக்கு ஞாயிறு போகிறதே என்று சங்கடமாகத்தான் இருந்தது, அதற்கு ஈடாக என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அப்பாக்கள் வந்தார்கள். அதுவரை அப்பாக்களை நாங்கள் சுதந்திர தினத்தில்கூடப் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. பிள்ளைக்குத் தமிழ் எங்களைவிட நன்றாக வருகிறது, அம்மாவுக்கு ஒரு சொல் தெரியாது. தமிழில் அனுப்பும் எந்தச் செய்தியும் அந்த வீட்டைப் பொறுத்தவரை அனுப்பாததற்குச் சமம். இப்போது எட்டாம் வகுப்பு டீச்சர் குரல் பதிவு போட்டதும், கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு அப்பா அதையே இந்தியில் பேசிப் போடுகிறார். சத்துணவு, சீருடை, வங்கிக் கணக்கு என்று அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தபோதுதான் இத்தனை நாள் எதுவுமே போய்ச் சேரவில்லை என்று புரிந்தது.

தனியார் பள்ளி அப்பா

அரசுப் பள்ளியில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நான் ஆண்டுக்கு ஒரு பெரிய தொகை கட்டுகிறேன், பள்ளிக்குச் சொந்தச் செயலி இருக்கிறது. பேருந்து எங்கே வருகிறது, மதிய உணவு என்ன, கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, எல்லாம் மணி அடித்துச் சொல்லும். ஏழாவது படிக்கும் மகள் மூன்று மாதமாக யாரோடும் பேசாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அதைச் சொன்னது செயலி இல்லை, பேருந்து ஆயாம்மா. பெற்றோர் சந்திப்பில் ஒரு ஆசிரியருக்கு மூன்று நிமிடம், பின்னால் வரிசை. மதிப்பெண் தாளைக் காட்டி "இன்னும் முயற்சி வேண்டும்" என்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர்

தனியார் பள்ளி நண்பர் சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த இழையின் மையம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்ததும், பிள்ளையை முழுதாகப் பார்க்கும் ஆள் இல்லாமல் போகிறது. கணக்கு ஆசிரியருக்குக் கணக்கு தெரியும், அறிவியல் ஆசிரியருக்கு அறிவியல் தெரியும். மதிய உணவு வேளையில் பிள்ளை எங்கே உட்காருகிறது என்பது யாருடைய பாடமும் இல்லை. வீட்டுக்கு என்ன அனுப்புவது என்று பேசுவதற்கு முன்னால், அனுப்ப வேண்டியதைத் தெரிந்து வைத்திருப்பவர் பள்ளியில் யார் என்று கேட்க வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது வகுப்பாசிரியர் என்ற பொறுப்பை வருகைப் பதிவேட்டோடு நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் அந்த வகுப்புக்குப் போகும் ஆசிரியர்கள் எல்லோரும் மதிய இடைவேளையில் கூடி உட்காருவோம். ஒவ்வொரு பிள்ளை பெயரையும் சொல்வோம். சொல்ல ஒன்றுமே இல்லாத பிள்ளை என்று சிலர் வருவார்கள். அமைதியாக இருப்பவர்கள், சராசரியாக எழுதுபவர்கள். அந்தப் பெயர்களைத்தான் குறித்துக்கொள்வோம், அடுத்த மாதம் அவர்களைக் கவனிக்க வேண்டும் என்று. பிறகு வகுப்பாசிரியர் பெற்றோரிடம் பேசினால், ஐந்து பேர் பார்த்தது ஒருவர் வாயிலிருந்து போகும்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும்போதும் இப்படி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நடுநிலைப் பள்ளியில் இருவரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள், அப்படியும் நடப்பதில்லை. தொடக்கப் பள்ளி முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் மட்டும்தான் போகிறது.

கணக்கு வாத்தியார்

ஐயா, உங்கள் காலத்தில் மதிய இடைவேளை என்று ஒன்று இருந்தது. ஆனாலும் இதை எங்கள் பள்ளியில் பேசிப் பார்க்கிறேன். சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளைகள் என் வகுப்பில் யார் என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன், நான்கு பெயர் வருகிறது.

பனியன்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். அட்மின் மட்டும் என்று மாற்ற உடனே சரி என்றார், அவருக்கும் அந்த நிலம் விற்பனைக்காரர் தொல்லைதான். துண்டுச் சீட்டுக்கும் சரி. வீடுகளுக்குப் பேசப் பள்ளிக்கென்று தனி போன் என்றால், எடுக்க ஆள் இல்லை என்கிறார். மேலாண்மைக் குழுவில் எழுதிக் கேட்கச் சொல்லி என் மனைவியை அனுப்பப் போகிறேன். பள்ளியில் இருக்கும் எண் என்னுடையது மட்டும், அவளுடைய எண்ணையும் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். பெரியவளை ஒன்பதாவதில் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. இதனால் எதாவது விட்டுப்போகுமா?

ஈரோட்டுக்காரி

விட்டுப்போகும் அண்ணா. கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். நடுவில் தனியாருக்குப் போனால் கிடையாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. அந்த மாதம் ஆயிரம் ரூபாய் சின்னவனுக்கு வேறு பெயரில், தமிழ்ப் புதல்வன் திட்டம். அடுத்த தெருவில் ஒரு பெண் என்.எம்.எம்.எஸ். தேர்வாகி ஒன்பதாவதில் தனியாருக்கு மாறினாள், அந்தத் தொகையும் நின்றுவிட்டது.

எஸ்.எம்.சி. அம்மா (திருப்பூர்)

இதை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் அன்றே ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாமே. அடுத்த கூட்டத்தில் எழுதச் சொல்கிறேன். ஈரோட்டு அக்கா, மேலே சொன்னதைக் கொஞ்சம் சுருக்கி எழுதித் தர முடியுமா? இந்திக்கு எங்கள் சூப்பர்வைசர் இருக்கிறார். ஒடியாவுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், இந்த இழையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.